கண்ணாடி இறங்காத கார்

புதுவை மேட்டுப்பாளையத்தை நம் வாசகர் அறிவர். நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையமல்ல. தொழிற்பேட்டையும் லாரி முனையமும் உள்ள நம் மேட்டுப்பாளையம். காலை வேலைக்குச் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் விரைகிற தொழிலாளிக்கு, பெரிய மனிதர் எவரேனும் அவ்வழியே வரும் நாளில் கிடைப்பதென்ன? விசில் சத்தம். "நில்" என்ற கட்டளை. பிறகு, புழுதி! உள்ளே போனவர் யாரென்று இவனுக்குத் தெரியாது; வெளியே நின்றவன் யாரென்று அவருக்கும் தெரியாது.

இந்தக் கவசக் கார் வந்த கதையைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் பிரிட்டிஷ் வண்டியின் அச்சில், 1950களின் இறுதியில் வங்கத்து உத்தரபாராவிலே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை செய்யத் தொடங்கிய கார் அம்பாசிடர். மந்திரிக்கும் அதுதான், கலெக்டருக்கும் அதுதான், ரயிலடி டாக்சிக்காரருக்கும் அதுதான். சர்க்கார் வண்டிக்கு வெள்ளைச் சாயமும் தலையிலே சிவப்பு விளக்கும் அதிகம், அவ்வளவே வேறுபாடு.

1984 அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு பிரதமரைக் காக்கவென்றே தனிப்படை அமைந்தது. பின்வந்த ஆண்டுகளில் பிரதமருக்கென அம்பாசிடரும் கவசம் பூண்டது. கதவுக்குள் எஃகுத் தகடு. அடுக்கடுக்காய் ஒட்டிய தடித்த கண்ணாடி. பாரம் ஏறிற்று, கண்ணாடி இறங்குவது நின்றது. மனு நீட்டிய கை வெளியிலேயே நின்றது!

காரை மாற்றச் செய்தது எது? 2001 டிசம்பர் 13. பாராளுமன்றத்துக்குள் ஐந்து கொலைகாரர்கள் நுழைந்தார்களே, எதிலே வந்தார்கள்? வெள்ளை அம்பாசிடரில்! தலையிலே சிவப்பு விளக்கு. முகப்பிலே உள்துறையின் பெயரில் போலி வில்லை. அதிகாரத்தின் வேடமே அவர்களுக்கு அனுமதிச் சீட்டாயிற்று. காவலர் உள்ளிட்ட ஒன்பது உயிர்கள் பலியாயின. பின்னர் வாஜ்பாய் காலத்திலேயே பிரதமரின் பயணம் ஜெர்மன் நாட்டு பி.எம்.டபிள்யூ. காருக்கு மாறிற்று. 2021 டிசம்பரில் மோடியின் வரிசையிலே மெர்சிடிஸ்-மேபாக் வந்து சேர்ந்தது. அம்பாசிடரோ 2014இல் உற்பத்தி நின்று, 2017இல் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. வாங்கியவர் யார்? பிரெஞ்சுக்காரரின் பெழோ கம்பெனி! புதுவையை விட்டுப் போனவர், டில்லிக் காரின் பெயரை வாங்கிப் போனார்.

"தலைவர்களுக்குக் காவல் வேண்டாமா?" என்று கேட்பர் சிலர். வேண்டும். மறுப்பாரில்லை. 1984இல் தலைவர் ஒருவர் வீழ்ந்ததைக் காரணமாக்கி, டில்லித் தெருக்களில் ஒரு பாவமும் அறியாத சீக்கிய மக்களை வெட்டியும் எரித்தும் கொன்றார்களே! ஒரு தலைவரின் உயிரைக் காப்பது ஊரையும் காப்பதாகும்.

ஆனால், கார் எதைக் காத்தது? இந்திரா காந்தி வீழ்ந்தது தம் வீட்டுத் தோட்டத்து நடைபாதையில், தம் காவலர் கையாலே. ராஜீவ் காந்தி 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் வீழ்ந்தது, காரை விட்டிறங்கி மேடை நோக்கி நடந்தபோது. அமெரிக்காவின் கென்னடி 1963இல் திறந்த காரிலே சுடப்பட்டார். அதே காருக்குப் பிறகு கவசமும் கூரையும் போட்டு 1977 வரை ஓட்டினார்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்! கூர்மையான உளவும், விழிப்பான காவலும் செய்ய வேண்டிய வேலையை எஃகுத் தகடு மட்டும் செய்துவிடாது.

காவல் வேறு, பவிசு வேறு. 2017 மே முதல் நாள் சிவப்பு விளக்கைக் கழற்றினார்கள்; பாராட்டினோம். விளக்கு போயிற்று, வழிமறிப்பு போயிற்றா? நம் புதுவையிலேயே ரங்கசாமி மோட்டார் சைக்கிளில் வந்து வாக்களித்ததை மக்கள் கண்டார்கள். வானம் இடிந்து விழவில்லையே!

இன்னொரு கணக்கும் உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளிலே மாண்டவர் 1,68,491 பேர் என்பது சர்க்காரே தந்த கணக்கு. அவர்களிலே நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். மேட்டுப்பாளையத்துத் தொழிலாளியைப் போல, மேலே சட்டை ஒன்றே கவசமாகக் கொண்டவர்கள்! அவனுக்கு எஃகுத் தகடு வேண்டாம். குழியில்லாத சாலை போதும். திருப்பத்திலே ஒரு விளக்கு போதும். லாரிக்கும் சைக்கிளுக்கும் தனித்தனி வழி போதும்.

எவருக்கு எந்த ஆபத்து என்று அளந்து காவல் கொடுங்கள். மிச்சப் பணத்தைச் சாலையிலே போடுங்கள். கண்ணாடி இறங்காவிட்டால் போகட்டும். காருக்குள் இருப்பவர் ஒருநாள் இறங்கி, இந்தச் சாலையிலே நடந்து பார்க்கட்டும்!