மலையில் சறுக்காத கால் வார்டில் சறுக்குவது ஏன்?

தருமபுரி பக்கத்தில் இருக்கிறது வத்தல்மலை. காபி, மிளகு, சாமை விளையும் மலை. அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு மேடும் பள்ளமும் பழகிப் போனவை.

பெரிய நோய் வந்தால் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வந்த இடத்தில் புது ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. அது, வழுக்கி விழுவது!

எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடியதுதான். நடுராத்திரி. பெரியவருக்குச் சிறுநீர் முட்டுகிறது. "மலையையே சுத்துனவன், பத்தடி நடக்க மாட்டேனா?" என்று தனியாக எழுகிறார். கண் இருட்டுகிறது. விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. காய்ச்சலோடு வந்தவர், நடக்க முடியாமல் வீடு திரும்புகிறார்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று சொல்லி ஆறுதல் அடைந்தால் போதுமா? போதாது. யார் விழக்கூடும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கலாம்.

ஆறே கேள்வி

நர்சிங் ஆராய்ச்சியாளர் ஜேனிஸ் மோர்சும் அவருடைய கூட்டாளிகளும் 1989-ல் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். அதில் ஆறே கேள்விகள்: சமீபத்தில் விழுந்தது உண்டா? ஒன்றுக்கு மேல் நோய் இருக்கிறதா? தடியையோ, கட்டில், மேஜையையோ பிடித்து நடக்கிறாரா? கையில் டிரிப் ஏறுகிறதா? நடை தள்ளாடுகிறதா? தன்னால் எவ்வளவு முடியும் என்பதை மறந்து எழுந்துவிடுவாரா?

முன்பு விழுந்தவர் என்றால் அதற்கு மட்டுமே 25 மதிப்பெண். ஆனால் மலைக்காரரைக் கவிழ்ப்பது கடைசிக் கேள்விதான். உடம்பு தளர்ந்தாலும் மனசு இன்னும் மலை ஏறிக்கொண்டே இருக்கும்!

மாத்திரையும் காலை வாரும். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை எல்லாமே தலைசுற்றலைக் கொண்டுவரலாம்.

செலவு என்ன?

நர்சுகளுக்கு வேலை தலைக்கு மேல். ஒவ்வொரு கட்டிலுக்கும் காவல் நிற்க அவர்களால் முடியாது. அதனால்தான் நோயாளியைச் சேர்க்கும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். "ஐயாவைத் தனியா எழ விடாதீங்க. முதல்ல உட்காரட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு நிக்கட்டும்" என்று துணைக்கு வந்தவரிடம் சொல்ல வேண்டும். தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ராத்திரியில் விளக்கு எரிய வேண்டும். கழிப்பறையில் கைப்பிடி வேண்டும்.

இடுப்பு ஒடிந்தவர் திரும்பிப் போக வேண்டிய ஊரில் சமதளம் குறைவு. காட்டு வேலை போனால் கஞ்சியும் போச்சு. மருந்துச் சீட்டு எழுதும் பேனாவில், ஆறு கேள்வி எழுதவா மை இல்லாமல் போகும்?