என்ன நூல் படிக்கின்றீர்?

இருவர் எதிர்ப்பட்டால் ஒருவரை ஒருவர் நலம் வினவுவர். மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவர். "இப்போது என்ன நூல் படித்துக்கொண்டிருக்கின்றீர்?" என்று கேட்பவர் மிகச் சிலரே. பாடத்திற்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் அன்றி, மனம் விரும்பிக் கையில் எடுத்த நூல் யாது என்பதே இவ்வினாவின் பொருள். கேட்பதற்குச் சிறிய வினாதான். ஆயினும், இதனை ஒத்த வினா ஒன்றால் தமிழ் இலக்கியத்தின் போக்கே மாறிய வரலாறு நம் நாட்டில் உண்டு.

1880ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அரியலூரிலிருந்து அந்நகருக்கு மாற்றம் பெற்று வந்தார். அவர் முன்சீப், அஃதாவது, உரிமை வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதி. இளைஞராகிய ஐயர் அவரைக் காணச் சென்றபோது, என்னென்ன நூல்களைப் பயின்றிருக்கின்றீர் என்று முதலியார் வினவினார். ஐயரோ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என அவர் அடுக்கிய பட்டியல் நீண்டது. முதலியார் வியக்கவில்லை. அவற்றிற்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று மேலும் கேட்டார். ஐயருக்கு அந்நூல் அதுவரை கிடைத்ததில்லை.

முதலியார் சிந்தாமணியின் படி ஒன்றை அவருக்குக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினர். விளங்காத சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டு ஐயர் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அவரது பதிப்பாக அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்து வந்தன. இன்று உங்கள் பாடநூலில் புறநானூற்றுப் பாட்டு இருப்பதற்கும் அன்றைய உரையாடலுக்கும் தொடர்பு உண்டு.

இங்கு ஒன்றை நோக்குங்கள். முதலியாரின் தொழில் நீதி வழங்குதல். பழந்தமிழ் நூலைப் படிப்பதால் அவருக்கு ஊதியம் உயரப்போவதில்லை. விருப்பம் ஒன்றே அவரைப் படிக்கச் செய்தது. தாம் விரும்பியதைத் தம் நெஞ்சிலேயே பூட்டி வையாமல், அதனை அறியத்தக்க ஒருவரிடம் எடுத்துரைத்தாரே, அதுவே பெரிது. அவர் வாளா இருந்திருப்பின், அந்த ஏடுகளுள் எத்தனையைச் செல் அரித்திருக்குமோ!

இன்பத்திற்காகப் படித்தலை இழிவாக எண்ணுவோர் சிலர் உளர். நூற்பயன் நான்கு எனக் கூறிய நன்னூலார் அவற்றுள் இன்பத்தையும் ஒன்றாக வைத்தார். அவர் கருதிய இன்பம் வேறு என்று என் போன்ற பண்டிதர் வாதிடக்கூடும்; அவ்வாதம் இப்போது வேண்டா. கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளையின் கையிலிருந்து அதனைப் பறிக்கும் பெற்றோரை நான் பலகாலும் கண்டிருக்கின்றேன். பறித்ததனால் அப்பிள்ளை கணக்கில் வல்லவன் ஆனதைக் கண்டதில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடர்கதையாக வந்தது. வாரந்தோறும் அப்பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்துத் தைத்து, அட்டையிட்டு வைத்தனர் பலர். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, வீட்டார் சூழ்ந்திருந்து கேட்டதும் உண்டு. அப்பக்கங்கள் வழியாகச் சோழர் வரலாற்றில் நாட்டம் கொண்டோர் எத்தனையோ பேர்.

சுவையைப் பகிர்தற்கென்றே ஓர் அவை திருநெல்வேலியில் இருந்தது. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் இல்லத்தில் அன்பர்களைக் கூட்டிக் கம்பன் கவியில் திளைத்தார். 'வட்டத்தொட்டி' என்பது அதன் பெயர். தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. ஒரு பாட்டைப் பாடுவதும், அதன் சுவையை எடுத்துக் காட்டுவதுமே அங்கு நிகழ்ந்தன. அவர் கம்பன் பாடல்களைத் திருத்திய முறையை நான் ஏற்பவன் அல்லேன். ஆயினும், செய்யுளைக் கண்டு அஞ்சியோரையும் அதன்பால் ஈர்த்தவர் அவர் என்பதை மறுத்தல் தகாது.

மாணவர்களே, இவ்வினாவை உங்களிடம் ஒருவர் கேட்டால் உண்மையையே கூறுங்கள். பெரியவர் எதிரில் நிற்கும்போது, படியாத பெருநூலின் பெயரைச் சொல்லிவிடுதல் எளிது. அதன்பின் பேச்சு அங்கேயே நின்றுவிடும். துப்பறியும் கதை படிப்பவன் அதனையே சொல்லலாம். கேட்டவர் அதனினும் சிறந்த ஒரு கதையைச் சுட்டக்கூடும். முதலியார் வினவியபோது ஐயர் தாம் கற்ற நூல்களையே கூறினார். அதனாலன்றோ, அவர் கல்லாதது எது என்பது முதலியாருக்குப் புலனாயிற்று!

"நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அமைதல் போதாது. எந்த இடத்தில் சிரித்தீர்கள், எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் சும்மா இருந்தீர்கள் என்று கூறுங்கள். பிடிக்கவில்லையெனில் அதனையும் மறையாதீர்கள். கதையின் முடிவை மட்டும் வெளியிடாதீர்கள். அதைப் போன்ற கொடுமை பிறிதில்லை. கேட்டவர் விரும்பினால் நூலை இரவல் கொடுங்கள். இரவல் வாங்கிய நூலைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. அது தனியே எழுதத்தக்க பொருள்.

இவ்வளவும் சொன்ன நான் என்ன படிக்கின்றேன் என்று நீங்கள் கேட்பீர்கள். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி, 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என் கையில் இருக்கின்றது. தமிழில் தோன்றிய முதல் நாவல் என்று போற்றப்படுவது அது. இடையிடையே அறிவுரை மிகுதி. அப்பக்கங்களை நான் சற்று விரைந்தே புரட்டுகின்றேன். ஆனால், நகைச்சுவை வரும் இடங்களில் நான் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டு, என் பேரன் இருமுறை வந்து என்னவென்று பார்த்துப் போனான். நேற்றிரவு, ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டின் ஆட்சியை ஏற்ற இடம் வரை வந்துள்ளேன். அடுத்து நிகழ்வது இன்னதென்று அறிவேன், முன்பும் படித்ததுதான். உங்களுக்குச் சொல்லமாட்டேன்.