மருதையாற்றுப் பாலமும் மாடிக் கைப்பிடிச் சுவரும்



நவம்பர், இறந்தோரை நினைவுகூரும் மாதம். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றி, நம் வீட்டு ஆன்மாக்களுக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்கிறோம். நல்ல வழக்கம், அது குன்றாதிருக்கட்டும். ஆயினும் இம்மாதத்து 23ஆம் நாள், பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியினராகிய நாம், எவருடைய பூசைக் கருத்திலும் இடம்பெறாத பலரை நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1956ஆம் ஆண்டு அந்நாளில், பொழுது புலருமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு வண்டி, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் வீழ்ந்தது. பச்சைமலைப் பக்கம் பிறந்து கொள்ளிடத்தில் சேரும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடப்பது. மாடு மேய்க்கும் சிறுவனும் முழங்கால் நனையாமல் கடந்து போவான். அத்தகைய ஆறு அன்றிரவு வெள்ளம் பெருகிப் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் பல பெட்டிகளும் நீரில் அமிழ்ந்தன. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உறக்கத்திலேயே மாண்டனர். இறந்தோர் 140 பேருக்கும் அதிகம்.

இத்தகைய செய்தி கேட்கையில் நம் நாவில் முதலில் எழும் சொல் எது? "விதி", "அவர்கள் செய்த பாவம்", "கடவுள் சித்தம்". ஞானஸ்நானம் பெற்ற வாயும் இதைத்தான் சொல்லுகிறது. நம் ஆண்டவர் இதற்கு இடங்கொடுக்கவில்லை என்பதை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காணலாம். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மடிந்தனர். எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விட அவர்கள் பெருங்குற்றவாளிகளோ என்று கேட்ட அவரே, அல்ல என்று மறுத்தார். செத்தவர்மீது பழிபோட வேண்டாம். உயிரோடிருக்கும் நீங்கள் மனந்திரும்புங்கள் என்பதே அவர் போதனை. செத்தவர்மீதும் விதியின்மீதும் பழிபோடுவது எளிது. அதனால் உயிரோடிருக்கும் எவரும் எதற்கும் விடை சொல்ல வேண்டியதில்லை.

அன்று விடை சொல்ல ஒருவர் முன்வந்தார். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அவர்கள், தண்டவாளத்தைத் தாமே பார்வையிடவேண்டியவர் அல்லர். மழையைத் தடுக்கவல்லவரும் அல்லர். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் அருகே நேர்ந்த இரயில் விபத்தின்போதே பதவி விலக முன்வந்தவர். பிரதமர் நேரு அப்போது இசையவில்லை. அரியலூர் விபத்துக்குப்பின் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். சாஸ்திரியார் குற்றவாளி என்பதற்காக அன்று, அரசியல் நெறிக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாக நேரு பாராளுமன்றத்தில் அறிவித்தார். சாஸ்திரியார் கிறிஸ்தவர் அல்லர். எனினும் காயினிடம், "உன் சகோதரன் எங்கே?" என்னும் பொருள்படக் கடவுள் கேட்ட கேள்வியைத் தம்மிடம் கேட்கப்பட்டதாகவே அவர் கொண்டார் எனலாம். சகோதரனுக்கு நான் காவலாளியோ என்று அவர் எதிர்க்கேள்வி போடவில்லை.

ஆனால் ஓர் அமைச்சர் விலகுவதால் ஒரு பாலமும் வலுப்படுவதில்லை. மேலிடத்தில் ஒருவர் பொறுப்பேற்றது பெரிது. கீழே ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பை முன்னதாகவே செய்வது அதனினும் பெரிது. பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் இதில்தான் கண்டிப்பு மிகுந்தவை. அவற்றை நாம் வாசிப்பதே இல்லை!

இணைச்சட்டம் (உபாகமம் என்று முன்பு வழங்கினோம்) 22ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை: புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல், அங்கிருந்து எவனாவது விழுந்தால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். சுவர் எழுப்பாதவன் எவரையும் தள்ளிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் மிச்சப்படுத்தினான், அவ்வளவே. விடுதலைப் பயணம் 21ஆம் அதிகாரமோ, முட்டும் மாடென்று எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காத உரிமையாளனைக் கொலைப்பழிக்கே உட்படுத்துகிறது. ஈட்டுத்தொகைக்கும் அங்கு இடமுண்டு. ஆனால் பழி இன்னதென்று சொல்லியபிறகே தொகையின் பேச்சு வருகிறது. நாமோ தொகையை மட்டும் அறிவித்துவிட்டுப் பழியை மறந்துவிடுகிறோம். அதே அதிகாரத்தில், குழி வெட்டியவன் அதை மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்தால் அவன் ஈடு செய்யவேண்டும் என்றும் உள்ளது.

மூடாத குழி என்றதும் நம் நெஞ்சம் நடுங்கவேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுப் பாலகன் விழுந்து, நான்காம் நாள் பிணமாக எடுக்கப்பட்டான். நாடே செபித்தது. ஆனால் பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளை மூடிவிடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்திருந்தது. ஒரு மூடியின் விலை எவ்வளவு?

2023 அக்டோபர் 9ஆம் நாள், நம் அரியலூர் மாவட்டத்து விரகாலூரில் நாட்டுவெடி ஆலை வெடித்துப் பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். தீபாவளி நெருங்கும் வேளை. கைச்செலவுக்குக் கூலி தேடிப் போன ஏழை மக்கள். மனிதரை உரிமையுடைய ஆட்களாக நடத்தாமல் வெறும் இலாபக் கருவிகளாக நடத்தும் வேலைமுறையை, கொலை, கருச்சிதைவு, அடிமைத்தனம் இவற்றோடு ஒரே வரிசையில் வைத்து 1965ஆம் ஆண்டு வத்திக்கான் சங்கம் கண்டித்துள்ளது. "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏட்டின் 27ஆம் பத்தியைப் பார்க்க. கருவிலிருக்கும் உயிருக்காகப் பேசும் நாம், பட்டறையிலிருக்கும் உயிருக்காக மௌனமாயிருப்பது அப்பத்தியைப் பாதி வாசித்ததாகும்.

பெரம்பலூர்ப் பக்கத்துப் பாறைநிலத்தில் கிணறுகள் அகலமானவை, ஆழமானவை. பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களில் மழைநீர் ஏரிபோல் தேங்கி நிற்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அங்கே நீந்தப் போகிறார்கள். சாலையிலோ கல் ஏற்றிய லாரிகள். இவற்றுள் அரசும் ஆலைகளும் செய்யவேண்டியவை உண்டு. அவற்றைக் கிராம சபையில் எழுந்து கேட்பது பாவமன்று, புண்ணியமே. ஆனால் சுவரில்லாக் கிணறுகளில் சில நம் பங்கு மக்களுடையவை. ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கும் கைகளே அக்கிணற்று மோட்டாரையும் போடுகின்றன.

ஆகவே இவ்வாண்டு 23ஆம் நாள், மருதையாற்றில் மாண்டோர் அனைவருக்காகவும் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்குமாறு பங்குகளை வேண்டுகிறேன். அதற்குமுன் அன்பியத்துக்கு இருவர் ஊரைச் சுற்றிவந்து, திறந்த கிணறுகளையும் மூடாத ஆழ்துளைக் குழாய்களையும் எண்ணிக் குறித்துத் தரட்டும். வேலிக்குக் கல்தூண் வாங்க இயலாத ஏழை விவசாயிகள் இருப்பின், பெயரைப் பங்குப் பேரவையிடம் கொடுக்கலாம்; கல்லறைத் திருநாள் காணிக்கையில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கிவைக்கலாம்.