குவார்ட்டர் இல்லீங்கோ... குவார்ட்!

இந்த வாரம் நம்ம பக்கத்துல கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும். மூக்கைப் பொத்திக்காம படிங்க.

2019 மே மாசம். அமெரிக்காவின் டல்லாஸ் பக்கத்துல எம்.எஸ். முடிச்ச கையோட மூணு பேர் ஒரே அபார்ட்மென்ட்ல இருந்தோம். நான் மெக்கானிக்கல், ஒருத்தன் சிவில், இன்னொருத்தன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச மதுரைக்காரன். அவனுக்கு டென்வர்ல வேலை கிடைச்சாச்சு. திங்கட்கிழமை ஜாயின் பண்ணணும். தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். கட்டில், மேஜை, குக்கர், கிரைண்டர் எல்லாத்தையும் ஒரு குட்டி டிரெய்லர்ல ஏத்தி, தன்னோட டிரக்குல இழுத்துட்டுப் போறதா பிளான்.

டிரக்னா நம்ம ஊரு பத்து சக்கர லாரி இல்ல. பின்னாடி திறந்த தொட்டி வெச்ச பிக்கப். 2004 மாடல் செவர்லே சில்வராடோ, ஆட்டோமேட்டிக் கியர். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தா, சிவப்பா இருக்க வேண்டிய கியர் ஆயில் டீ டிகாக்ஷன் கலர்ல இருந்துச்சு. முந்தின ஓனர் மாத்தவே இல்ல போல. ஒர்க்‌ஷாப்ல 250 டாலர் கேட்டாங்க. மாப்ள பாக்கெட்ல மிச்சம் இருந்ததே அவ்வளவுதான். ஊர்ல எஜுகேஷன் லோன் வேற காத்துட்டு இருக்கு.

"டேய், நீ மெக்கானிக்கல்தானே? நாமளே மாத்திடலாம்டா"ன்னான்.

காலேஜ்ல டார்க் கன்வெர்ட்டர் படம் வரைஞ்சு 16 மார்க் வாங்கினவன் நான். முடியாதுன்னு சொல்வேனா?

ஆயில் இல்ல, அது உயிர்!

மேனுவல் வண்டியில கிளட்ச் பெடல் இருக்கு. ஆட்டோமேட்டிக்ல அந்த வேலையைச் செய்யறது டார்க் கன்வெர்ட்டர். ரெண்டு ஃபேனை எதிரெதிரா வையுங்க. ஒண்ணை ஓடவிட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா? அதே கதைதான். இங்கே காத்துக்குப் பதிலா ஆயில். இன்ஜின் பக்கத்து இறக்கை ஆயிலை வீசி அடிக்க, கியர் பக்கத்து இறக்கை சுத்த ஆரம்பிக்கும். அதோட முடியல. உள்ளே இருக்கற கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிச்சு கியர் மாத்தறதும் இதே ஆயிலோட பிரஷர்தான். உராய்வைக் குறைக்கறது, சூட்டை வெளியே கொண்டு போறதுன்னு மத்த வேலையும் இதுக்கே.

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முதன்முதலா மொத்தமா உற்பத்தி செஞ்சு வித்தது ஜெனரல் மோட்டார்ஸ். பேரு ஹைட்ராமேட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்ல வந்துச்சு. 1970களின் தொடக்கம் வரைக்கும் இந்த கியர் ஆயில்ல ஸ்பெர்ம் திமிங்கிலத்தோட எண்ணெயைக் கலந்தாங்க, கிளட்ச் தட்டுகள் உதறாம பிடிக்கறதுக்காக! அழியும் உயிரினங்களைக் காக்க அமெரிக்கா சட்டம் போட்டதும், அதுக்கு மாற்றா கெமிக்கல் தேட வேண்டியதாயிடுச்சு.

சிவப்பெல்லாம் ஒண்ணு இல்ல

கடைக்குப் போனா வரிசையா பாட்டில். எல்லாமே சிவப்பு. "எதையாச்சும் எடுடா"ன்னு சிவில் அவசரப்பட்டான். ஆனா சிவப்புங்கறது வெறும் சாயம். வண்டிக்கு அடியில சொட்டினா, இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலான்னு பார்த்ததும் தெரியணுமே, அதுக்காகத்தான். ஃபோர்டுக்கு மெர்கான், கிரைஸ்லருக்கு ஏ.டி.எஃப். பிளஸ் ஃபோர், ஜி.எம். வண்டிக்கு டெக்ஸ்ரான்னு ஒவ்வொண்ணுக்கும் உராய்வு குணம் வேற. எங்க டிரக்குக்கு அந்தக் காலத்துல டெக்ஸ்ரான் 3. இப்போ அதோட இடத்துல டெக்ஸ்ரான் 6. ஆறு பாட்டில் வாங்கினோம். ஒரு பாட்டில் ஒரு குவார்ட், அதாவது 946 மில்லி. குவார்ட்டர்னு படிச்சுட்டுச் சிரிக்கறவங்க கடைசி பெஞ்சுக்குப் போகலாம்!

பதினாறு போல்ட்டும் ஒரு குளமும்

அபார்ட்மென்ட் பார்க்கிங்ல வண்டி ரிப்பேருக்குத் தடா. அதனால சீனியர் அண்ணன் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலுக்குப் போனோம். முன் சக்கரத்தை ரேம்ப்ல ஏத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்து அடியில நுழைஞ்சோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது பாஸ்!

இந்த கியர்பாக்ஸ் பேரு 4எல்60-இ. அடியில ஒரு தட்டையான ஆயில் பேன், அதைச் சுத்தி 16 போல்ட். எங்க வண்டியில டிரெய்ன் பிளக் கிடையாது. பின்பக்க போல்ட்டை எல்லாம் கழட்டி, முன்னாடி இருக்கறதை லேசா லூஸ் பண்ணி விட்டா, பேன் சரிஞ்சு பின்பக்கமா ஆயில் ஊத்தும். அதை ஒரு பெரிய தட்டுல பிடிக்கணும். எவ்வளவு வந்துச்சுன்னு அளக்கவும் செய்யணும். ஏன்னா வெளியே வந்த அளவுதான் நாம முதல்ல திரும்ப ஊத்த வேண்டிய அளவு.

நாங்க என்ன செஞ்சோம்? சிவில் காலை நீட்டினான். தட்டு கவிழ்ந்துச்சு. டிரைவ்வே முழுக்கச் சிவப்புக் குளம். அளவாவது ஒண்ணாவது!

சரி போகட்டும்னு பழைய ஃபில்டரைக் கீழே இழுத்தோம். அதோட கழுத்துல இருக்கற ரப்பர் சீல் சில சமயம் மேலேயே ஒட்டிக்கும். அதை எடுத்துட்டுப் புதுசு போடணும். பேனுக்குள்ள ஒரு காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நிற மை மாதிரி ஒட்டியிருந்தா பயமில்ல, தேய்மானத் தூள்தான். கண்ணுக்குத் தெரியற இரும்புத் துணுக்கு இருந்தா ஆபத்து. எங்களுது மை கேஸ். துடைச்சு, புது கேஸ்கெட் வெச்சு, போல்ட்டை எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி முடுக்கினோம். இதுக்கு 11 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. ஜிம் பாடியைக் காட்டினா போல்ட் உடைஞ்சுடும்.

"இன்ஜின் ஓடுச்சா, நின்னுச்சா?"

டிப்ஸ்டிக் குழாய்ல நீளமான புனலைச் சொருகி நாலு குவார்ட் ஊத்தினேன். டிப்ஸ்டிக்கைப் பார்த்தா ஃபுல் கோட்டுக்கு மேலேயே காட்டுச்சு. "போதும்டா, ஓவர்!"னேன். ரேம்ப்ல இருந்து வண்டியை இறக்கினதும் மதுரைக்காரன் 'டி'யில போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சான். இன்ஜின் கத்துது... வண்டி நகரல. ரெண்டு செகண்ட் கழிச்சு மாடு முட்டின மாதிரி ஒரு குலுக்கல். உடனே ஆஃப் பண்ணிட்டான்.

அவன் என்னைத் திட்டவே இல்ல. ஸ்டீயரிங்ல தலையைச் சாய்ச்சுட்டு, "திங்கட்கிழமை ஜாயினிங்டா"ன்னு மட்டும் சொன்னான். கியர்பாக்ஸ் போனா ஆயிரக்கணக்கான டாலர். அந்த நிமிஷம் என் 16 மார்க்கைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருந்துச்சு.

எதிர் வீட்டுத் தாத்தா வேடிக்கை பார்த்துட்டே வந்தார். எழுபது வயசு இருக்கும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "லெவல் பார்க்கும்போது இன்ஜின் ஓடுச்சா, நின்னுச்சா?"

நின்னுட்டு இருந்துச்சு தாத்தா!

விஷயம் அங்கேதான். இன்ஜின் ஆயிலை வண்டியை நிறுத்திட்டுப் பார்க்கணும். இந்த கியர் ஆயிலை இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது பார்க்கணும். நின்னா டார்க் கன்வெர்ட்டர்ல இருந்தும் மத்த வழிகள்ல இருந்தும் ஆயில் பேனுக்கு இறங்கும், லெவல் பொய்யா ஏறிக் காட்டும். ஓட ஆரம்பிச்சதும் பம்ப் அதை உறிஞ்சிடும். அப்புறம் பேன்ல பத்தாம, பம்ப் காத்தை இழுக்கும். பிரஷர் வராது, கிளட்ச் பிடிக்காது. அதிகமா ஊத்தினாலும் வம்புதான். சுத்தற பாகங்கள் அடிச்சு நுரையாக்கிடும்.

தாத்தா சொன்னபடி செஞ்சோம். வண்டியைச் சமதரையில நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எல்லா கியரையும் ஒரு ரவுண்டு போட்டு, 'பி'க்கு வந்து பார்த்தா... டிப்ஸ்டிக் நுனியில மட்டும் ஈரம். ஒரு குவார்ட் ஊத்தினோம். கால் மணி நேரம் மெதுவா ஓட்டி, சூடானதும் மறுபடி பார்த்துக் கொஞ்சம் தொட்டுக்கிட்டோம். 'ஹாட்' கோட்டுல கச்சிதமா நின்னுச்சு. 'டி'யில போட்டதும் வெண்ணெய் மாதிரி நகர்ந்துச்சு. மூணு பேரும் கத்தின கத்துல தாத்தாவோட பூனை ஓடியே போயிடுச்சு!

இன்னொரு கணக்கு. இந்தக் கியர்பாக்ஸ்ல மொத்தம் 10.6 லிட்டர். பேனைக் கழட்டினா வர்றது சுமார் 4.7 லிட்டர்தான். மீதி கன்வெர்ட்டர்லயே தங்கிடும். ஆக ஒரு தடவை மாத்தினா 44 சதவீதம்தான் புதுசு. கொஞ்ச நாள் ஓட்டிட்டு இன்னொரு தடவை மாத்தினா 69 சதவீதம். அதனாலதான் டென்வர் போனதும் ரெண்டாவது ரவுண்டு போடச் சொன்னார் தாத்தா.

குளத்துக்கு அவரே பூனை மணல் மூட்டை கொடுத்தார். நம்ம ஊர்ல மரத்தூள் தூவற மாதிரி, ஊறினதும் கூட்டி அள்ளினோம். மிச்ச ஆயிலைப் பாட்டில்ல அடைச்சு உதிரிபாகக் கடையில கொடுத்தோம். காசு இல்லாம வாங்கிக்கறாங்க. சாக்கடையில ஊத்திடாதீங்க. ஒரு தடவை ஆயில் மாத்தறப்போ வர்ற கழிவு, பத்து லட்சம் காலன் நல்ல தண்ணியைக் கெடுத்துடும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்லுது.

நம்ம ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நிறைய ஓடற ஏ.எம்.டி. கார் வேற ஜாதி. அது சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்சை மெஷின் மிதிக்குது, அவ்வளவே. சி.வி.டி.க்கு ஆயிலே வேற. சில வண்டியில டிப்ஸ்டிக்கே கிடையாது. அதனால மேனுவலைப் புரட்டாம ஸ்பேனரைத் தொடாதீங்க. ஆயில் கறுப்பாகி, கருகின வாசனை வந்தா நேரா மெக்கானிக்கிட்ட போயிடுங்க.

திங்கட்கிழமை காலையில மதுரைக்காரன்கிட்ட இருந்து மெசேஜ்: "வந்துட்டேன்டா. ஆபீஸ் வாசல்ல நிக்கறேன்."

படம் வரைஞ்சா 16 மார்க் கிடைக்கும். ஆனா ஊத்தறதுக்கு முன்னாடி, தெரிஞ்சவங்ககிட்ட "எனக்கு இது தெரியாது, சொல்லிக் கொடுங்க"ன்னு கேட்டிருந்தா அந்த ஒரு குவார்ட் குறைஞ்சிருக்காது. வெட்கப்படாம கேளுங்க மக்களே! அடுத்த வாரம் பார்ப்போம்.