பழைய டிஸ்க் பேசாது

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்றால் எங்கே போவது என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் ரிட்சி தெரு, டில்லியில் நேரு ப்ளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு. கடைக்காரர் நாலு திருகாணிகளைக் கழற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றை மாட்டி, விண்டோஸை ஏற்றி மாலைக்குள் கொடுத்துவிடுவார். பழைய டிஸ்க்கையும் ஒரு கவரில் போட்டு உங்கள் கையில் தருவார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து எடுத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் அந்தக் கவருக்குப் பெயர்தான் பேக்கப்.

இனி அந்தக் கவரை நம்ப முடியாது. ஏன் என்று புரிந்துகொள்ள ஆப்பிளின் மேக் மினியைப் பார்த்தால் போதும்.

2024 நவம்பரில் எம்4 மேக் மினி இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 256 ஜி.பி. இடத்துடன் விலை ரூ. 59,900. அதே இயந்திரம் 512 ஜி.பி.யுடன் வேண்டுமானால் ரூ. 79,900. கூடுதல் 256 ஜி.பி.க்கு 20,000 ரூபாய்! கணக்குத் தெரிந்தவர்கள் உடனே பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே சேமிப்புப் பகுதி போர்டோடு பற்றவைக்கப்படாமல், தனி மாட்யூலாகச் செருகப்பட்டிருந்தது. சில மாதங்களுக்குள் அதே வடிவத்தில் பெரிய மாட்யூல்களை வேறு தயாரிப்பாளர்கள் விற்க ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்களே மாற்றிக்கொள்வதற்கு ஆப்பிளின் அனுமதி கிடையாது. ஆனாலும் மாற்றுகிறார்கள்.

செருகுவது பெரிய வித்தை அல்ல. செருகிவிட்டுப் பவர் பொத்தானை அழுத்தும்போதுதான் விஷயம் புரியும். திரையில் ஒன்றும் வராது.

சாதாரண பி.சி.யில் பயாஸ் என்ற ஆரம்ப மென்பொருள் மதர்போர்டில் ஒரு தனிச் சில்லில் இருக்கிறது. டிஸ்க்கே இல்லாவிட்டாலும் அது கண் விழித்து, ‘டிஸ்க்கைக் காணோம்’ என்றாவது புலம்பும். மேக் மினியில் ஏற்பாடு வேறு. முதல் படிக்கான சின்ன நிரல் ஒன்று மட்டும் ஆப்பிளின் சில்லுக்குள்ளேயே தயாரிப்பின்போது பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் தேவைப்படும் ஃபர்ம்வேரின் பெரும்பகுதி உள் சேமிப்பில்தான் குடியிருக்கிறது. புது மாட்யூல் காலி. எழுந்திருக்கும் வழியே அதில் இல்லை. வெளியே ஒரு டிஸ்க்கைச் செருகி அதிலிருந்து கிளப்பலாம் என்றாலும் முடியாது. அதற்கும் உள் சேமிப்பு ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

ஆகவே எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஊற்ற வேண்டும். இதற்கு இன்னொரு மேக் தேவை. மடிக்கணினியாக இருந்தாலும் பரவாயில்லை. மின்சாரமும் தகவலும் இரண்டும் செல்லக்கூடிய யூ.எஸ்.பி. சி கேபிளால் இரண்டையும் இணைக்க வேண்டும். தண்டர்போல்ட் 3 கேபிள் இதற்கு உதவாது. எந்தத் துளையிலும் செருகிவிட முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் இந்த வேலைக்கென்று ஒரு துளையை ஆப்பிள் ஒதுக்கியிருக்கிறது. பிறகு மினியின் அடிப்பாகத்தில் இருக்கும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்வயரைச் செருக வேண்டும். மினி டி.எஃப்.யூ. என்ற நிலைக்குப் போகும். திரை அப்போதும் கறுப்புதான். மற்ற மேக்கில் மட்டும் அது தென்படும். அங்கே ஃபைண்டரிலோ, ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற இலவச மென்பொருளிலோ ‘ரிஸ்டோர்’ கொடுத்தால், ஃபர்ம்வேரும் மேக் ஓ.எஸ்.ஸும் சேர்ந்து இறங்கிப் பதியும். 10 ஜி.பி.க்கு மேல் டவுன்லோடு. நல்ல இணைப்பும் யூ.பி.எஸ்.ஸும் இருந்தால் நிம்மதி.

அருகிலேயே ‘ரிவைவ்’ என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அது ஃபர்ம்வேரை மட்டும் சரிசெய்யப் பார்க்கும். உங்கள் ஃபைல்களைத் தொடாது. அப்டேட் பாதியில் நின்று மேக் படுத்துவிட்டால் முதலில் முயல வேண்டியது இதைத்தான். ரிஸ்டோர் எல்லாவற்றையும் அழித்துவிடும். அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொண்டால் வருட வருடமாகச் சேர்த்த புகைப்படங்கள் போய்விடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் இருக்கிறது. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.ஹெச். வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைத் தாக்கியது பலருக்கு நினைவிருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை அழித்ததோடு நிற்காமல், சில மதர்போர்டுகளில் பயாஸையும் அது அழித்தது. அந்த இயந்திரங்களைப் பிழைக்கவைக்க பயாஸ் சில்லையோ போர்டையோ மாற்ற வேண்டியிருந்தது. மேக்கில் சில்லுக்குள் பொறித்த முதல் நிரலை எந்த வைரஸும் திருத்த முடியாது. ரிஸ்டோர் நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இயந்திரம் எழுந்துவிடும்.

உங்கள் தகவல்கள் எழாது. மாட்யூலில் எழுதப்படும் ஒவ்வொன்றும் சங்கேதமாக மாற்றித்தான் எழுதப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி அந்த ஒரு மேக்கின் சில்லுக்குள் இருக்கும் ரகசியத்தோடு பிணைக்கப்பட்டது. வெளியே எடுத்த மாட்யூலை வேறு எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் படிக்க முடியாது. திருடனிடமிருந்து காப்பாற்றும் இதே பூட்டு, சொந்தக்காரரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. கவரில் வரும் மாட்யூல் பேக்கப் அல்ல, பூட்டிய பெட்டி.

பி.சி.க்காரர்கள் சிரிக்க வேண்டாம். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் கேட்காமலே டிஸ்க் சங்கேதமாகிவிடுகிறது. ஃபர்ம்வேரில் கைவைத்தாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யார் பெயரில், எந்த ஈமெயிலில் திறக்கப்பட்டது என்பதே பல குடும்பங்களில் யாருக்கும் நினைவில்லை. கடைக்காரரே தன் ஈமெயிலில் திறந்து கொடுத்திருந்தால் கதை முடிந்தது.

ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் சில காரியங்கள். முதலாவது, வெளி டிஸ்க் ஒன்றில் முழு பேக்கப். மேக்கில் டைம் மெஷின் இதைச் செய்யும். எடுத்ததும் நாலு ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான். இரண்டாவது, ஆப்பிள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டும் மீட்பு எண்ணும் தாளில் எழுதியிருக்கட்டும். ரிஸ்டோர் ஆன மேக் இன்டர்நெட் வழியாக ஆப்பிளிடம் ஆஜர் கொடுத்த பிறகுதான் வேலை செய்யும். உரிமையாளர் கணக்கில் பூட்டியிருந்தால் பாஸ்வேர்டும் கேட்கும். மூன்றாவது, கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: ‘ரிஸ்டோர் செய்ய உங்களிடம் இன்னொரு மேக் இருக்கிறதா?’ பதில் சொல்லத் தயங்கினால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு மேக் கிடைக்காத சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. வெளியே ஒரு எஸ்.எஸ்.டி.யை இணைத்துப் படங்களையும் வீடியோக்களையும் அதற்கு மாற்றிவிடுங்கள். மேஜையில் ஒரு வயர் கூடும், அவ்வளவுதான். திருகாணியைத் தொட வேண்டாம், வாரண்டிக்கும் வம்பில்லை.

உள்ளேயேதான் மாற்றுவேன் என்பவர்கள் தாராளமாக மாற்றலாம். பழைய மாட்யூலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவரின் மேல் ‘பேக்கப்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.