பெயரை மாற்றாதீர்கள், இலக்கத்தைப் பெறுங்கள்

மேல்நாட்டுப் படிவங்களுக்குள் எம்மவரின் பெயர் ஒருபோதும் ஒழுங்காக அடங்கியதில்லை. குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்கிறது. எம்மிடம் இருப்பவை தகப்பன் பெயரும் தன் பெயருமே. ஒருவர் அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதுகிறார்; மற்றவர் தன் பெயரை எழுதுகிறார்; ஒரே ஆள் இவ்வாண்டு ஒன்றும் மறு ஆண்டு மற்றொன்றும் எழுதுவதும் உண்டு. கடவுச்சீட்டு எடுக்கும்போது இது வெறும் தலையிடி. ஆய்வுலகிலோ உழைப்பையே களவுகொடுக்கும் காரியம். எஸ். சிவகுமார் என்ற பெயரில் மருத்துவரும் இருப்பார், பொறியியலாளரும் இருப்பார். ஒருவரின் கட்டுரை மற்றவர் கணக்கில் சேர்ந்தால் பதவி உயர்வுக்கான புள்ளியும் அதனோடு போய்விடும்.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை எடுத்துக்கொள்வோம். கார்த்திகேசு அவருடைய தகப்பனார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி 1981 இல் வெளிவந்த நூலில் பெயர் ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் நூல்களை ஒலிபெயர்ப்பு விதிப்படி பதியும் மேல்நாட்டு நூலகங்களில் அதே பெயர் வேறோர் உரோம எழுத்தில் தொடங்குகிறது. இருவரும் ஒருவரே என்று பெயர்ப் பதிவேட்டில் இணைத்து வைப்பது நூலகரின் பழைய தொழில். நூல்களுக்கு இருந்த அந்தக் காவல் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு இருக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கவே 2012 ஒக்டோபரில் ‘ஓர்கிட்’ என்னும் ஆய்வாளர் அடையாள இலக்கம் புழக்கத்துக்கு வந்தது. (பூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நான்கு நான்காகப் பிரித்தெழுதப்படும் 16 இலக்கங்கள், கடைசி இடத்தில் சில வேளை எக்ஸ் என்ற எழுத்து வரும். ஆய்வாளருக்கு ஒரு சதமும் செலவில்லை. திருமணத்தின் பின் பெயர் மாறினாலும், யாழ்ப்பாணத்தை விட்டு டொரன்டோவுக்குப் போனாலும் இலக்கம் மாறாது. குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விடலாம். தமிழ் எழுத்திலான பெயரையும் சேர்க்கலாம். 2016 இல் லண்டன் றோயல் சங்கம் உட்பட வெளியீட்டாளர் சிலர் இந்த இலக்கத்தைக் கட்டாயமாக்கத் தொடங்கினர்.

மனிதனை இலக்கமாக்குவதா என்று முகஞ்சுழிப்பவர்கள் உண்டு. சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே காலங்கழித்த எமக்கு அந்தக் கசப்பு இயல்பானதே. ஆனால் அந்த அட்டையை நீட்டும்படி கேட்டது அரசு. இதனை நாமே பெறுகிறோம். அதில் எதை யார் பார்க்கலாம் என்பதையும் நாமே தீர்மானிக்கிறோம். இலக்கத்துக்குக் கூசுபவர்கள், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி மேல்நாட்டுப் படிவத்துக்கேற்பத் தம்மை வெட்டிக்கொள்ளக் கூசுவதில்லையே!

என் கோபமெல்லாம் பல்கலைக்கழக நிர்வாகங்கள் மீதுதான். எல்லோரும் இலக்கம் பெறுக என்று ஒரு சுற்றறிக்கையை ஒட்டிவிட்டால் கடமை முடிந்ததென்று நினைக்கும் நிர்வாகம், வெற்றுப் பதிவுகளையே அறுவடை செய்யும். இலக்கத்தைப் பெற ஐந்து நிமிடம் போதும். அதன் கீழே இருபதாண்டு உழைப்பைத் தேடிச் சேர்ப்பதே வேலை. எந்தக் கட்டுரை எந்தப் பெயரில் வந்தது, இணையத் தரவுத்தளங்களில் ஏறாத தமிழ்க் கட்டுரைகள் எந்தச் சஞ்சிகையில் கிடக்கின்றன என்று தேடிப் பதிய நூலகர் வேண்டும். ஆய்வாளருக்குப் பதிலாக நூலகர் இலக்கம் எடுக்கக் கூடாது. எடுத்தவர் அனுமதித்தால் பதிவை நிரப்ப உதவலாம். இதற்கென ஒரு பதவியையாவது உருவாக்காத பல்கலைக்கழகம் தரவரிசை பற்றிப் பேசுவது வேடிக்கை.

உயிரோடிருப்பவர் தாமே பெறவேண்டிய இலக்கம் இது. கைலாசபதிக்கும் சிவத்தம்பிக்கும் இனி எவரும் எடுத்துக்கொடுக்க இயலாது. ஓய்வுபெற்று, பழைய சஞ்சிகைக் கட்டுகளோடு வீட்டில் இருக்கும் விரிவுரையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாசலுக்கு ஒரு நூலகரை அனுப்ப எந்தத் துணைவேந்தர் முன்வருவார்?