ஒற்றைக்குழல் துப்பாக்கியை வெட்டிச் சிறிதாக்கலாமா?

கையடக்கத் துப்பாக்கி ஒன்று இருந்தால் எந்தக் காட்டிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்றொரு நம்பிக்கை நம் பக்கத்து இளைஞர்களிடமும் வந்துவிட்டது. எல்லாம் அமெரிக்கக் காணொளிகளின் உபயம். ஒரே ஒரு தோட்டா போடும் பழைய துப்பாக்கியை ஒருவர் எடுக்கிறார். குழலைக் குறைக்கிறார். கட்டையைக் குடைந்து அதற்குள் தீப்பெட்டி, தூண்டில் முள், கயிறு எல்லாம் அடைக்கிறார். பிறகு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்.

அமராவதி அணைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன், "அப்பாரு பேர்ல இருக்கிற துப்பாக்கிய இப்படிப் பண்ணிக்கலாங்களா சார்?" என்று கேட்டான். அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால் இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம் வருவது வழக்கம். கூடாது என்பதே என் பதில். காரணங்களை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாருக்காவதும் பயன்படும்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சாதாரணக் குடிமகன் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ வைத்துக்கொள்ளும் வழவழக் குழல் துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் கணக்கில் சுமார் 51 சென்டிமீட்டர். பயிர்ப் பாதுகாப்புக்கென்றால், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வழவழக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, தனி உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியின் குழலையும் யாரும் குறைக்கக் கூடாது என்கிறது. துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறதே என்று வாதாட முடியாது. வைத்திருக்க உரிமம் வேறு, வெட்ட உரிமம் வேறு. 2019இல் வந்த திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கிவிட்டது. லேத் பட்டறையில் பத்து நிமிட வேலை என்று நினைத்துப் போனால் ஆயுள் முழுக்க அலைய வேண்டிவரும்.

இரண்டாவது, துப்பாக்கியின் நியாயம். பன்னிரண்டு போர் என்றால் என்ன? குழலின் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அந்த அளவு வாய். பல துப்பாக்கிகளில் குழலின் நுனியில் சிறிது இறுக்கம் வைத்திருப்பார்கள். அதற்கு சோக் என்று பெயர். ரவைகள் சிதறாமல் கூட்டமாகப் போவது அதனால்தான். நுனியை வெட்டினால் முதலில் போவது அந்த இறுக்கம். மேலும், எடை குறையக் குறைய உதை கூடும், சத்தமும் நெருப்பும் முகத்துக்கு அருகில் வரும், குறி பார்க்கும் நீளம் குறையும். ஒரே ஒரு தோட்டா போடும் துப்பாக்கிக்கு முதல் குறி தவறக் கூடாது என்பதுதான் அடிப்படை. அதைக் கெடுத்துவிட்டு எதைச் சம்பாதிக்கிறோம்? பையில் அரை முழம் இடம். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் தோளுக்கு ஒரு வார், கட்டையின் அடியில் ரப்பர், தோட்டா செருகத் தோல் பட்டை, அவ்வளவு போதும். இவை குழலைத் தொடுவதில்லை.

மூன்றாவது, காடு. நமக்குத் தெற்கே இருப்பது யாருமில்லாத வனாந்தரம் அல்ல. ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, எழுத்துமூலம் முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழைய முடியாது. அனுமதி கிடைத்தாலும் என்ன செய்வது? யானைக்கு முன்னால் நின்று ரவை போட்டால் யானை சாகாது, கோபப்படும். அதற்குள் இரண்டாவது தோட்டா போட நேரம் இருக்காது.

இப்படிப்பட்ட ஆயுதம் உண்மையாகவே தேவைப்பட்டவர்கள் இருந்தார்கள். 1965 மார்ச்சில் ரஷ்ய விண்வெளி வீரர்கள் லியோனோவும் பெல்யாயேவும் வந்த வோஸ்கோத் 2 கலம் இடம் மாறி, உரல் மலைப் பக்கம் பனிக்காட்டில் இறங்கியது. இரண்டு இரவுகள் அங்கேயே கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் டிபி-82 என்ற மூன்று குழல் துப்பாக்கியை விண்வெளி வீரர்களுக்காகச் செய்தார்கள். அதன் கட்டையைக் கழற்றினால் வெட்டுக்கத்தி. அமெரிக்க விமானப்படையும் தன் விமானிகளுக்கு எம்-6 என்ற மடக்குத் துப்பாக்கியைக் கொடுத்தது. எல்லாம் வானத்திலிருந்து விழுந்தவர்களுக்கு. உடுமலையில் பஸ் ஏறித் திருமூர்த்திமலையில் இறங்குபவர்களுக்கு அல்ல.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு சொல் விஷயம் சொல்ல ஆசை. துப்பாக்கிக்குப் பிரெஞ்சில் ஃபியூசி என்பார்கள். பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்குத் துப்பாக்கி என்று பொருளே கிடையாது. சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீ எடுக்கும் இரும்புத் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். அடுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்த இரும்பைத் துப்பாக்கியில் பொருத்திய பிறகு பெயர் துப்பாக்கிக்குப் போய்விட்டது. காட்டில் மாட்டிக்கொண்டவனுக்கு முதலில் வேண்டியது அந்தப் பழைய ஃபியூசிதான்: தீ. பிறகு தண்ணீர். பிறகு, எந்த வழியாகப் போனான் என்று தெரிந்த ஓர் ஆள் ஊரில்.

காட்டில் பிழைப்பது எப்படி என்று அறிய வேண்டுமானால் தளிஞ்சியிலும் குருமலையிலும் குழிப்பட்டியிலும் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். முதுவரும் புலையரும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் கையில் கொடுவாளும் தடியும் இருக்கும். அவர்கள் பல வருஷங்களாகக் கேட்டு வந்தது சாலை. பிரசவ வலி வந்தவளையும் பாம்பு கடித்தவனையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய மலை அது. அங்கே உயிரைக் காப்பாற்றுவது ரோடும் ஜீப்பும் விஷமுறிவு மருந்தும்தான்.

அப்படியானால் துப்பாக்கியே வேண்டாமா? தோட்டத்துக்கு வேண்டும் என்பது என் கட்சி. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவில் செய்யும் நாசத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் பன்றியைச் சுடும் உரிமம் அல்ல. ஆனாலும் வானத்தை நோக்கி ஒரு வெடிச் சத்தம் கேட்டால் கூட்டம் கலையும். அந்த உரிமம் கிடைப்பதும் புதுப்பிப்பதும் வருஷக்கணக்கில் இழுத்தால் விவசாயி வேறு வழி தேடுகிறான். ஒருவன் கம்பியில் மின்சாரம் விடுகிறான். இன்னொருவன் அவுட்டுக்காய் வைக்கிறான். பன்றிக்கு வைத்ததைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது யானை. கம்பியை மிதித்துச் சாகிறான் பக்கத்துத் தோட்டத்துக்காரன்.

கேரளம் 2022இல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தது. நம் அரசு 2025இல், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்றது. மலையடிவாரத்துத் தோட்டங்கள் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன; அவர்களுக்கு இதனால் பெரிய ஆறுதல் இல்லை. தேர்தல் வந்தால் இருக்கிற துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். காட்டுப்பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது.

பயிர்ப் பாதுகாப்பு உரிம மனுக்களுக்கு ஒரு கெடு வைத்து, விதைப்புக்கு முன்பே ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பயிர் நிற்கும் மாதங்களில் தேர்தல் வந்தால் அடிவாரத்து விவசாயிக்கு விலக்கு தர வேண்டும். இளைஞர்கள் இதற்காக மனு எழுதட்டும், நான் திருத்தித் தருகிறேன். குழல் இருக்கிற நீளத்திலேயே இருக்கட்டும்.